அச்சம் தேடிய அடைக்கலம்
ஆற்காடு நவாபின் வரலாறு தரும் படிப்பினை

 

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், சிறுசேரி கணினிப் பூங்காவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒரு நாடு எழுந்து வருகிறது. அதன் ஆலைகள், ஆயுதங்கள், கணினிகள் எல்லாவற்றையும் பற்றி அலுவலகத்தில் தினமும் பேசிக்கொள்கிறார்கள். நாளை நம் பிழைப்பு, நம் பிள்ளைகளின் பிழைப்பு எல்லாம் அவர்கள் கையில்தான் என்கிறார்கள். உள்ளபடியே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு முஃமின் இப்படிப் பயப்படலாமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மறைக்காமல் கேட்ட கேள்வி. அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகின்றேன். இதற்கான விடையைத் தேடி நாம் தூர தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. அடையாறு, கோவளம், செங்கல்பட்டு, பரங்கிமலை என்று நாம் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்களிலேயே அந்த விடை இருக்கிறது.

அச்சம் குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வலிமையான எதிரியைக் கண்டு உள்ளம் நடுங்குவது மனித இயல்பு. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரின்போது பல கோத்திரங்கள் ஒன்றுதிரண்டு மதீனாவை நோக்கி வந்தன. அன்று ஸஹாபாக்களின் பார்வைகள் நிலைகுத்தின என்றும், இதயங்கள் தொண்டைக்குழிக்கே வந்துவிட்டன என்றும் அல்அஹ்ஸாப் அத்தியாயம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. அச்சம் வந்தது என்பதை அல்லாஹ் மறைக்கவில்லை.

ஆனால் அந்த அச்சம் அவர்களை என்ன செய்ய வைத்தது? பாரசீகத்தைச் சேர்ந்த ஸல்மான் (ரலி) அவர்கள் தம் நாட்டுப் போர்முறை ஒன்றைச் சொன்னார்கள். அரபுகள் அதுவரை கையாளாத முறை அது. நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றார்கள். தாமே மண் சுமந்தார்கள். மதீனாவைக் காக்க அகழ் எழுந்தது. ஆக, அச்சம் அங்கே மண்வெட்டியை எடுக்க வைத்தது.

அதே மதீனாவில் இன்னொரு கூட்டமும் இருந்தது. நமக்குக் காலம் திரும்பிவிடுமோ என்று அஞ்சி, வலிமை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் விரைந்து ஓடிய கூட்டம் அது. அவர்களுடைய மனநிலையை அல்மாயிதா அத்தியாயத்தின் 52-ஆம் வசனம் உள்ளத்தின் நோய் என்று குறிப்பிடுகிறது.

இரண்டு கூட்டத்தாருக்கும் வந்த அச்சம் ஒன்றே. அது அழைத்துச் சென்ற இடங்களோ வெவ்வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம்.

அடையாற்றின் கரையில்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கம்பெனிகளைக் கண்டு இங்கே யாரும் அஞ்சவில்லை. அவர்கள் கடற்கரையில் குத்தகைக்கு இடம் வாங்கித் துணி வியாபாரம் செய்த வணிகர்கள். 1702-ஆம் ஆண்டு முகலாயப் படைத்தலைவர் தாவூத் கான் சென்னைக் கோட்டையை மாதக்கணக்கில் சூழ்ந்து நின்றபோது, ஆங்கிலேயர் பணம் கொடுத்துத்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று அஞ்சியவர்கள் அவர்கள்.

நாற்பத்து நான்கு ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றினர். நகரைத் தங்களிடம் ஒப்படைப்பதாக ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கானுக்குப் பாண்டிச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்திருந்தார், நிறைவேற்றவில்லை. நவாப் தம் மகன் மஹ்ஃபூஸ் கானைச் சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படையுடன் அனுப்பினார்.

பாண்டிச்சேரியிலிருந்து பாரடிஸ் என்னும் அதிகாரி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையோ ஆயிரம் பேர் அளவிலானதுதான். அவர்களிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அடையாற்றின் அக்கரையில் நவாபின் படை நின்றது. பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று சுட்டது. மீண்டும் நிரப்பிச் சுட்டது. பின் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியுடன் முன்னேறியது. நவாபின் படை சாந்தோம் தெருக்களின் வழியே சிதறி ஓடியது. யானைமேல் வந்த மஹ்ஃபூஸ் கானும் களத்தை விட்டு அகன்றார்.

சகோதரர்களே! அங்கே தோற்றது வீரம் அல்ல. நவாபின் குதிரைவீரர்கள் வாள் வீச்சில் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களின் பீரங்கி ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுட நெடுநேரம் பிடித்தது. எதிரியின் படைக்கோ கவாத்து இருந்தது. ஒரே சொல்லுக்கு ஒரே அசைவு, ஒரு வரிசை நிரப்பும்போது மறு வரிசை சுடும் ஒழுங்கு, முறைப்படி கிடைக்கும் சம்பளம். இவை மாயமந்திரங்கள் அல்ல, கற்றுக்கொள்ளக்கூடிய கலைகள். அதற்குச் சான்று அந்தப் படையிலேயே இருந்தது. கற்றுக்கொண்டு சுட்டவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மனிதர்கள்தாமே!

எனினும் தென்னாட்டு அரசர்கள் அடையாற்றிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 'இவர்களை வெல்ல முடியாது. ஆகவே இவர்களில் ஒருவரை நம் பக்கம் வைத்துக்கொள்வோம்' என்று அவர்கள் எண்ணினார்கள். எல்லாத் துன்பமும் அந்த எண்ணத்தில்தான் தொடங்கியது.

அடைக்கலம் கேட்ட நவாப்

நவாப் பதவியை விரும்பிய சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரர்களின் துணையை நாடினார். 1749 ஆகஸ்ட்டில் ஆம்பூர்ப் போரில் முதியவரான அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். மற்றொரு மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்து, ஆங்கிலேயரை உதவிக்கு அழைத்தார். ராபர்ட் கிளைவ் 1751-இல் ஆற்காட்டைப் பிடித்துப் புகழ்பெற்றதும், 1752-இல் சந்தா சாஹிப் சிறைப்பட்டுத் தலை வெட்டப்பட்டதும் இந்தச் சண்டையில்தான். இரு முஸ்லிம் தலைவர்கள் ஒரு பதவிக்காக மோதினர். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் அந்நியக் கம்பெனி நின்றது. வென்றது யார் என்பதைப் பின்னர் காண்போம்.

கோவளத்துக் கிணறு

அந்த 1752-ஆம் ஆண்டில் நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் தர்கா அமைந்துள்ள கோவளத்தை நாம் அனைவரும் அறிவோம். அங்கே கடலோரத்தில் நவாபின் கோட்டை ஒன்று இருந்தது. சஆதத் பந்தர் என்பது அதன் பெயர். நற்பேற்றுத் துறைமுகம் என்று பொருள். 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரையருகே வந்து, மாலுமிகள் நோயால் சாகக் கிடப்பதாகக் கூறி இடம் கேட்டது. கோட்டையில் இருந்தவர்கள் இரங்கி உள்ளே விட்டனர். இரவில் அந்த 'நோயாளிகள்' எழுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாண்டு கழித்து அதை மீட்கக் கிளைவ் வந்தார். அவரிடம் இருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய இருநூறு பேரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஐந்நூறு சிப்பாய்களும். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவரைக் கொன்றதும் மற்றவர்கள் திரும்பி ஓடத் தொடங்கினார்கள். பீரங்கிச் சத்தத்தில் காவலை விட்டு ஓடிய ஒரு சிப்பாயை வெகுநேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்!

இதை ஏளனத்துக்காகக் கூறவில்லை. எவரைக் கண்டு நம் நவாபுகள் நடுங்கினார்களோ, அவர்களும் கிணற்றில் ஒளிந்த மனிதர்களே. கிளைவ் அவர்களைத் தண்டித்து அனுப்பிவிடவில்லை. ஆபத்தான இடத்தில் தாமே முன்னால் நின்று, சில நாட்களில் அவர்களைப் பழக்கினார். அதே ஆட்களைக்கொண்டு கோவளத்தையும், பின்னர் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். அச்சம் எந்த இனத்துக்கும் சொந்தமானதன்று, துணிவும் அப்படியே. பயிற்சியும் முன்னிற்கும் தலைமையும் கிடைத்தால் கிணற்றில் ஒளிந்தவனும் கோட்டையைப் பிடிப்பான்.

பாதுகாப்பின் விலை

1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் முஹம்மது அலி கர்நாடக நவாபாக ஐரோப்பியர்களாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டார். 'வாலாஜா' என்ற பட்டமும் பெற்றார். ஆனால் போர்கள் அனைத்தும் அவருக்காக நடத்தப்பட்டவை என்று கூறி, செலவுக் கணக்கைக் கம்பெனி அவரிடமே நீட்டியது. அதே 1763-இல் செங்கல்பட்டுப் பகுதி ஜாகிராகக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கேயும் மேற்கேயும் உள்ள நம் கிராமங்கள் அந்நியர் கைக்குப் போனது இப்படித்தான். எந்தப் போரிலும் அவை தோற்கவில்லை. பாதுகாப்புக்கு விலையாகத் தரப்பட்டன.

1768-இல் சேப்பாக்கத்தில் நவாபின் மாளிகை எழுந்தது. ஆற்காட்டை ஆளவேண்டியவர் ஆங்கிலேயர் கோட்டையின் பீரங்கி நிழலில் வந்து குடியமர்ந்தார். அந்த நிழலில் வாழக் கடன் தேவைப்பட்டது. கம்பெனிக்குத் தவணை கட்டுவதற்கு, கம்பெனியின் ஊழியர்களிடமே அதிக வட்டிக்குத் தனிக்கடன் வாங்கினார். அவர்களுக்கு ஈடாகப் பாளையங்களின், தாலுகாக்களின் நிலவரி வருவாயை எழுதிக் கொடுத்தார். வருவாய் போனதால் அடுத்த தவணைக்கு மேலும் கடன். பால் பென்ஃபீல்டு போன்ற ஊழியர்கள் இதில் பெருஞ்செல்வர் ஆனார்கள். இந்தக் கடன்களின் ஊழலைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றும் அளவுக்கு அது உலகறிந்த செய்தியாயிற்று.

வட்டியை மார்க்கம் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரலாற்றைப் படித்தால் போதும். நவாபின் கடனை நவாப் அடைக்கவில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த உழவன் அடைத்தான். வரி வசூலிக்க வந்தவனுக்குப் பின்னால் கடன்காரன் நின்றான்; அவனுக்குப் பின்னால் கம்பெனியின் சிப்பாய் நின்றான். மேலே இருப்பவரின் அச்சத்துக்குக் கீழே இருப்பவர் கூலி கொடுத்தார்.

முஹம்மது அலி தீயவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மார்க்கப் பற்றுள்ளவர்; ஆலிம்களை மதித்தவர். லக்னோவின் ஃபரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தவர் அவரே. திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல் இன்றும் அக்குடும்பத்தின் பெயரைச் சொல்கிறது. மதரஸாவில் ஓதிய என்னைப் போன்றவர்கள் அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் நல்ல மனிதரையும் அச்சம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அவரே சான்றாகவும் அமைந்துவிட்டார்.

பரங்கிமலை அடிவாரத்தில்

அதே காலத்தில், அதே அந்நியப் படைகளைக் கண்ட இன்னொருவர் இருந்தார். மைசூர்ப் படையின் அதிகாரியாகத் திருச்சிராப்பள்ளிப் போர்களில் பங்கேற்ற ஹைதர் அலிதான் அவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் ஐரோப்பியர் எப்படி அணிவகுக்கிறார்கள், எப்படிச் சுடுகிறார்கள் என்பதை உன்னிப்பாகக் கவனித்தார். பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் அதிகாரிகளையும் சம்பளத்துக்கு வைத்துப் பீரங்கிப்படையை அமைத்தார். கவாத்தைத் தம் வீரர்களுக்குக் கற்பித்தார். தமது வலிமையான குதிரைப்படையையும் கைவிடவில்லை.

விளைவு என்ன? 1769-இல் ஆங்கிலேயப் படை வேறிடத்தில் அவரைத் தேடிக்கொண்டிருக்க, ஹைதர் விரைந்த குதிரைப்படையுடன் சென்னையின் வாசலில், பரங்கிமலை அருகே வந்து நின்றார். 'பரங்கி'யின் பெயரைத் தாங்கிய மலையடிவாரத்தில் பரங்கியர் சமாதானம் கேட்டார்கள். அந்த ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த இடங்களை இருவரும் திருப்பித் தருவது, தாக்கப்பட்டால் ஒருவருக்கொருவர் உதவுவது என்பன அதன் விதிகள். பின்னர் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவ வரவில்லை.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் முற்றாக முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி சிறைப்பட்டார். காஞ்சியில் இருந்த தளபதி மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடையாற்றில் நடந்ததற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளில், கற்றுக்கொண்டவர் ஒருவர் தந்த பதில் இது.

நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த 1780-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ஹைதரின் குதிரைப்படை இப்பகுதிக் கிராமங்களைப் பாழாக்கியது. வயல்கள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சம் தொடர்ந்தது. அந்த மக்கள் எந்தக் கம்பெனியையும் அழைத்தவர்கள் அல்லர். எதிரியை வெல்லும் கலையைக் கற்றவர், எளியோருக்கு இரங்கும் கடமையைப் போரில் மறந்தார். வீரத்தைப் புகழும் நாவு இதையும் சொல்ல வேண்டும். நம்மவர் செய்தார் என்பதால் அநீதி நீதியாகிவிடாது.

அண்டை வீட்டானுக்கு அஞ்சியவர்கள்

ஹைதர் கற்றுக்கொண்டும் ஏன் இறுதியில் மைசூர் வீழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய அரசர்கள் அந்நியனுக்கு அஞ்சியதைவிடத் தம் அண்டை வீட்டானுக்கு அதிகம் அஞ்சினார்கள். 1790-இல் ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரும் திப்புவுக்கு எதிராகக் கம்பெனியுடன் கைகோத்தார்கள். 1792-இல் மைசூர் தன் நாட்டில் பாதியை இழந்தது. 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். அன்றும் நிஜாமின் படை ஆங்கிலேயர் பக்கம் நின்றது. நிஜாம் அதற்கு முந்தைய ஆண்டே தம் செலவில் கம்பெனிப் படையை வைத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். சக மராட்டியத் தலைவர் ஹோல்கரிடம் தோற்று ஓடிய பேஷ்வா, 1802-இல் அதே அடைக்கலத்தைக் கேட்டுப் பெற்றார். பதினாறே ஆண்டுகளில் பேஷ்வாவின் ஆட்சியும் மறைந்தது. முஸ்லிம் என்றும் இந்து என்றும் அச்சம் வேறுபாடு பார்க்கவில்லை.

முஹம்மது அலி 1795-இல் காலமானார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, இக்குடும்பம் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றஞ்சாட்டியது. நாட்டை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட உம்தத்துல் உமராவின் இளம் மகன் அலி ஹுசைன் மறுத்தார். அவரை ஒதுக்கிவிட்டு, உறவினரான அஸீமுத்தௌலாவை அமர்த்தி, 1801 ஜூலை 31-இல் கையெழுத்து வாங்கினார்கள். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பெயரும் மிஞ்சின. 1855-இல் அந்தப் பெயரும் பறிக்கப்பட்டது.

அந்த 1801-இல் சென்னையின் ஆளுநராக இருந்து நாட்டை எடுத்துக்கொண்டவர் யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ். 1751-இல் முஹம்மது அலியைக் காக்க ஆற்காட்டுக்குப் போன ராபர்ட் கிளைவின் மகன்! தந்தை காவலனாக வந்தார்; மகன் உரிமையாளனாக நின்றார். சந்தா சாஹிப் தோற்றார், முஹம்மது அலி வென்றார் என்று எண்ணியிருந்தோம். ஐம்பதே ஆண்டுகளில் இருவருமே தோற்றவர்கள் என்று தெரிந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

கண்ணியத்திற்குரியவர்களே! அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான். "தம்பி, உமக்கு வந்திருக்கும் பயத்துக்காக வெட்கப்பட வேண்டாம். அது உம்மை எங்கே அழைக்கிறது என்று மட்டும் பாரும். அவர்கள் கற்றதை நாமும் கற்போம் என்று அழைத்தால், அது அகழ்ப்போரின் அச்சம், அதனோடு செல்லும். எவர் காலிலாவது விழுந்து பிழைத்துக்கொள்வோம் என்றோ, பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் கொடுத்து நாம் மட்டும் தப்புவோம் என்றோ அழைத்தால், அது சேப்பாக்கத்தின் அச்சம்; அதை விட்டு விலகும்."

நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது. பிறர் முன்னேறிவிட்டார்கள் என்ற அச்சத்தில் வட்டிக்கடன் வாங்கி வீட்டை நிமிர்த்துகிறோம்; பின்னர் வீடே கடனுக்குக் கூலி வேலை செய்கிறது. பிள்ளைகளிடம் 'உலகம் ஓடிவிட்டது, நீ எங்கே' என்று மிரட்டுகிறோம். உட்கார்ந்து ஒரு கலையைப் பொறுமையாகக் கற்பிக்க நேரம் ஒதுக்குவதில்லை. அச்சுறுத்தப்பட்ட பிள்ளை ஒளிய இடம் தேடும். பயிற்சி பெற்ற பிள்ளையோ நிமிர்ந்து நிற்கும். கோவளத்துக் கிணற்றை நினைவில் கொள்ளுங்கள்.

இயன்ற ஆயத்தத்தைச் செய்யுமாறு நம்மைப் பணித்த இறைவன், முடிவைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். கற்றவர்கள் எல்லோரும் வெல்வதில்லை, திப்பு வெல்லவில்லை. ஆனால் கற்றுப் போராடித் தோற்றவரிடமிருந்து பின்வந்தோர் துணிவைப் பெற்றார்கள். அஞ்சி அடைக்கலம் புகுந்தவரிடமிருந்து அவர்கள் பெற்றது கடன் பத்திரங்களைத்தான்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் தன்னைப் பற்றிய அச்சத்தை நிலைபெறச் செய்வானாக! படைப்புகள் மீதான அச்சம் வரும்போது அதனைக் கல்வியாகவும் உழைப்பாகவும் ஒற்றுமையாகவும் மாற்றும் பேற்றினைத் தந்தருள்வானாக! எளியோர் மீது நம் அச்சத்தின் சுமையை ஏற்றாதவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.